ஊருக்குப் போய் வந்தால் கணக்கு புதிதாகுமா?

"வருஷம் முடியறதுக்குள்ள ஒரு நடை ஊருக்குப் போயிட்டு வந்துடு தம்பி, மறுபடியும் ஒரு வருஷம் நம்ம லைசென்ஸ்லயே ஓட்டலாம்."

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம் பிள்ளைகளுக்கு, பெட்டியைப் பிரிக்கும் முன்பே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது தவறு.

சுற்றிப்பார்க்க வருகிறவர் இந்திய லைசென்ஸோ இலங்கை லைசென்ஸோ வைத்திருந்தால், கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 12 மாதம் கார் ஓட்டலாம். குழப்பம் இங்கிருந்துதான் முளைக்கிறது. தங்கிப் படிக்கவோ வேலை பார்க்கவோ வந்தவருக்கும் 12 மாதம்தான்; ஆனால் அவர் குடிவந்த நாளில் தொடங்கும் அந்தக் கணக்கு ஒரே ஒரு முறைதான் ஓடும். மாணவர் விசாவில் இருப்பவரும் இங்கே குடியிருப்பவர்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாலும் கணக்கு திரும்பத் தொடங்காது.

எங்கள் மாடியில் குடியிருந்த திருச்சித் தம்பி அப்படி நம்பியவன். விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தியது. போனில் இருந்த டிக்கெட்டைக் காட்டிக் காட்டி, "இன்னைக்குத்தான் வந்தேன்" என்றிருக்கிறான். வண்டியைத் தூக்கு லாரியில் ஏற்றும்போது, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பாவையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றதாகச் சொன்னான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. லைசென்ஸ் செல்லாதபோது, மாதாமாதம் கட்டிய இன்சூரன்ஸும் கைவிட்டுவிடுகிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு வழக்கமான தண்டனை 300 பவுண்ட் அபராதமும் 6 குற்றப் புள்ளிகளும். வண்டியையும் பறிமுதல் செய்யலாம்.

"இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்கே?" என்பார்கள். ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் அந்தப் புத்தகம், கையிலிருக்கும் லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான். 12 மாதத்தோடு ஒரு நாளைக்கூட அது சேர்க்காது. இந்திய லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பிரிட்டன் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. சிங்கப்பூரிலேயே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. நமக்கும் இலங்கைக்கும் கிடையாது. முதலிலிருந்து தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்று மூத்தவர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. தமிழ் உட்பட 19 அயல்மொழிகளில் கேள்விகளை ஒலிவடிவில் கேட்க முடிந்தது. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலம் அல்லது வெல்ஷ். 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும். அதோடு, திரையில் ஓடும் வீடியோவில் ஆபத்து உருவாவதைக் கண்டுபிடிக்கும் பகுதியும் உண்டு.

"கோயம்புத்தூர்ல பத்து வருஷம் ஓட்டினவன், எனக்கென்ன டெஸ்ட்?" என்று போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது நான் பார்த்தது. வண்டி ஓட்டத் தெரியாமல் அல்ல. தடம் மாறும்முன் கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலாகத் திரும்பியும் பார்க்கவில்லை. ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிடவில்லை. சிறு தவறுகள் 15 வரை பொறுப்பார்கள். பெரிய தவறு ஒன்றே ஒன்று போதும், தோல்விதான். அடுத்த தேதிக்குப் பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் முதல் மாதமே ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆன்லைனில் 34 பவுண்ட். குறைந்தது 185 நாள் தங்க அனுமதி இருக்க வேண்டும். அந்தப் பச்சை அட்டையை வாங்கினால் உடனே எல் போர்டு மாட்ட வேண்டுமென்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள். தேவையில்லை. 12 மாதம் முடியும்வரை ஊர் லைசென்ஸ் தரும் உரிமை அப்படியே இருக்கும். முடிந்த பிறகுதான் எல் போர்டும், பக்கத்தில் ஒரு துணையும் கட்டாயம்.

அந்தத் துணை யார் என்பதிலும் தவறிவிடுகிறார்கள். மகனைப் பார்க்க வந்த அப்பா, ஊர் லைசென்ஸோடு, இன்சூரன்ஸில் பெயர் சேர்த்துக்கொண்டு அதே காரைத் தாராளமாக ஓட்டலாம். ஆனால் எல் போர்டு மாட்டிய மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர முடியாது. அந்த இருக்கையில் இருப்பவருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். பிரிட்டன் அல்லது ஐரோப்பிய லைசென்ஸை 3 வருடமாவது வைத்திருக்க வேண்டும். அப்பா முப்பது வருடம் லாரியே ஓட்டியிருந்தாலும் பின் இருக்கைதான்.