தோட்டப் பணிக்குப் பழைய டிராக் லோடர்: வாங்குமுன் எண்ண வேண்டியவை

பெங்களூரில் தோட்டம் அமைக்கும் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் முதல் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். ஒரு சாரார் அமெரிக்க ஒப்பந்ததாரர்களின் காணொளிகளைப் பார்த்தும், தும்கூர் சாலைக் கண்காட்சி வளாகத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் எக்ஸ்கான் கட்டுமான இயந்திரக் கண்காட்சியில் நின்று வியந்தும், ரப்பர் டிராக்கில் ஓடும் சிறு லோடர் இல்லாமல் தொழிலே இல்லை என்று முடிவுசெய்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், ஜேசிபி வாடகையிலோ திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியிலோ குடும்பத்தை நிமிர்த்திய தந்தையின் சொல்லைத் தட்ட முடியாமல், வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையவே முடியாத பெரிய வண்டியை வாங்கிவிட்டு, அதைச் சாலைப் பணிக்கு வாடகைக்கு விட்டுத் தவணை கட்டுகின்றனர். கையிலிருக்கும் வேலைகளில் எத்தனை இடங்களில் அந்த வண்டி வாசலைத் தாண்டும் என்ற கேள்வியை இரு சாராருமே கேட்பதில்லை.

முன்னே பக்கெட்டும் பின்னே தோண்டும் கையும் கொண்ட ஜேசிபியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1979 முதல் இந்தியாவில் இயங்கும் அந்நிறுவனத்தின் பெயரே அவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் பெயராகிவிட்டது. ஏழெட்டு டன் எடையுள்ள அந்த வண்டி தானே சாலையில் ஓடி வந்துசேரும், மணிக்கணக்கில் வாடகைக்கும் கிடைக்கும் என்பதால் தோட்டக்காரர் அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டிய அவசியம் அரிது. இரண்டு டன் அளவிலான மினி எக்ஸ்கவேட்டர் மரக்குழி தோண்டவும் குழாய்க்கு வாய்க்கால் வெட்டவும் ஏற்றது. அடிச்சட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் வகை ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் புகுந்துவிடும். ஸ்கிட் ஸ்டியர் என்பது சக்கரங்கள் திரும்பாமல், ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தியோ பின்னோக்கிச் சுழற்றியோ நின்ற இடத்திலேயே திரும்பும் சிறு லோடர்; 1950களின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்யக் கெல்லர் சகோதரர்கள் செய்த வண்டியிலிருந்து வளர்ந்த பாப்கேட், இன்று கும்மிடிப்பூண்டியிலும் ஆலை வைத்திருக்கிறது. அதே உடலில் சக்கரங்களை எடுத்துவிட்டு ரப்பர் டிராக் பூட்டினால் கிடைப்பதே காம்பாக்ட் டிராக் லோடர். ஜப்பானின் டக்கேயூச்சி நிறுவனம் 1986இல் இவ்வகையை அறிமுகம் செய்தது.

டிராக்கின் புகழுக்கு நியாயமான காரணம் உண்டு. வண்டியின் எடை நான்கு சிறு தடங்களில் விழாமல் இரண்டு நீண்ட பட்டைகளில் பரவுவதால் நிலத்தின் மீதான அழுத்தம் பல மடங்கு குறைகிறது. சேற்றிலும் பனியிலும் சரிவிலும் சக்கர வண்டி திணறும் இடத்தில் இது நகர்ந்துவிடும். ஆனால் அப்புகழ் உருவான நிலம் வேறு. பெங்களூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதிலும் பெரும்பங்கு மே முதல் அக்டோபர் வரை விட்டுவிட்டு இறங்குகிறது; எஞ்சிய மாதங்களில் இங்குள்ள செம்மண் இறுகிக் கிடக்கிறது. மழைநாளில் இரண்டு நாள் பொறுத்தால் காய்ந்துவிடும் மண்ணுக்காக ஆண்டு முழுவதும் டிராக் தேயக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. போதாக்குறைக்கு, இவ்வூர்த் தோட்டப் பணி பெரும்பாலும் கட்டடம் முடிந்த மனையில் நடப்பதால், தரையெங்கும் கருங்கல் ஜல்லியும் உடைந்த கான்கிரீட்டும் கம்பித் துண்டுகளும் கிடக்கும்; இவற்றின்மேல் வண்டி நின்ற இடத்தில் திரும்பும் ஒவ்வொரு முறையும் ரப்பர் அறுபடுகிறது. டிராக் புல்தரையைக் காக்கும் என்பதும் நேராக ஓடும்வரை மட்டுமே உண்மை. திரும்பும்போது அது புல்லை வேரோடு உரித்துவிடுகிறது.

ரப்பர் டிராக்கின் ஆயுள் பொதுவாக 1,200 முதல் 1,600 மணி நேரம் என்று இத்துறையில் கொள்ளப்படுகிறது. ஜல்லி நிறைந்த தரையில் 1,000 மணியைக்கூட எட்டாமல் போகலாம். ஆகவே 3,000 மணி ஓடிய வண்டி நியாயப்படி மூன்றாவது ஜோடி டிராக்கில் இருக்க வேண்டும், அது இரண்டாவது ஜோடியிலேயே நின்றால் அடுத்த ஜோடியின் விலையை வாங்குபவரே கட்டப்போகிறார் என்று பொருள். சக்கரத்தில் பஞ்சர் என்றால் தெருமுனைக் கடையில் தீரும். டிராக்குக்கோ வெளியூரிலிருந்து சரக்கு வரும்வரை வண்டியும் ஆளும் சும்மா இருக்க நேரும். பழைய டிராக் லோடரின் விலையில் பெரும்பகுதி அதன் அடிப்பாகத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பதை உணராதவர்களே இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டி முன்பணம் கொடுத்துவிடுகின்றனர்.

விற்பவர் சொல்லும் தூக்குதிறனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தச் சுமையில் வண்டி முன்பக்கம் கவிழத் தொடங்குகிறதோ அது கவிழ்சுமை எனப்படும். சர்வதேச முறைப்படி சக்கர வகைக்கு அதில் 50 விழுக்காடும், டிராக் வகைக்கு 35 விழுக்காடும் பாதுகாப்பான தூக்குதிறனாகக் கணக்கிடப்படுகின்றன. கவிழ்சுமை 2,000 கிலோ என்றால் டிராக் வண்டியின் திறன் 700 கிலோதான்; அதையே 1,000 கிலோ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. ஈரமான செம்மண் 0.4 கன மீட்டர் பக்கெட்டில் நிறைந்தாலே ஏறத்தாழ 700 கிலோவைத் தொட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பின்னும் டிராக்தான் வேண்டும் என்போர், அதாவது தேவனஹள்ளி, கனகபுரா பக்கப் பண்ணை மனைகளில் சரிவு திருத்துவதையும் குளக்கரை அமைப்பதையுமே முதன்மை வேலையாகக் கொண்டோர், சோதனையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒருபக்கம் வளைந்து கூர்மையாகியிருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. ரப்பருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. வெட்டுக்காயம் வழியே ஈரம் புகுந்து அவை துருப்பிடித்தால், வெளியே நன்றாகத் தெரியும் டிராக்கும் ஒருநாள் அறுந்துவிழும். எடையைத் தாங்கும் ரோலர்களில் எண்ணெய்க் கசிவு, டிராக்கை இறுக்கும் கிரீஸ் சிலிண்டர் முழுவதும் நீண்டுவிட்ட நிலை ஆகியவையும் செலவின் அறிகுறிகளே. அடிப்பாகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் வண்டியை விட்டு விலகிவிடுவது நல்லது. சேறு படியும் இடத்துக்குக் காரணமில்லாமல் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை.

மணிமீட்டரை மாற்றிவிட முடியும் என்பதால், தேய்ந்த பெடல், கிழிந்த இருக்கை, பின்களில் ஆட்டம் ஆகியவற்றோடு அதை ஒப்பிட வேண்டும். வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்வதும், அரை மணி நேரம் ஓடி ஹைட்ராலிக் எண்ணெய் சூடான பிறகு இரு லீவர்களையும் சமமாகத் தள்ளினால் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். ஒருபக்கம் இழுத்தால் பம்போ ஓட்ட மோட்டாரோ தளர்ந்திருக்கலாம். ஆர்சி இருக்கும் வண்டியில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டதற்குப் படிவம் 35உம் என்ஓசியும் வேண்டும். ஆர்சி இல்லாமலே கைமாறும் வண்டியில் முதல் விற்பனை ரசீது, இறக்குமதியானதெனில் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி ஆகியவற்றோடு வரிசை எண் தகட்டைப் பொருத்திப் பார்க்காமல் பணம் கைமாறக் கூடாது. ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள டிராக் லோடரை ஒவ்வொரு மனைக்கும் லாரியில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதால், அந்த லாரி வாடகையும் நகருக்குள் லாரிகளுக்குள்ள நேரக் கட்டுப்பாடும் கணக்கில் சேர வேண்டும்.

முப்பதுக்கு நாற்பது அடி மனைகள் நிறைந்த இந்நகரில், வீட்டுக்கும் மதில்சுவருக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தாலே அதிகம். நாலரை அடி அகலமுள்ள எந்த லோடரும் அங்கே பயனற்றது. ஆதலால் தொடக்கநிலைத் தோட்டக்காரருக்கு ஒரு பழைய மினி எக்ஸ்கவேட்டரும், பெரிய மனைகளில் வேலை பெருகிய பின் ஒரு சக்கர ஸ்கிட் ஸ்டியரும், இடையிடையே வாடகை ஜேசிபியும் போதும் என்பதே நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு. இதில் பகட்டில்லை என்பது மெய்தான்.

இயந்திரத்தைவிட அதன் இருக்கையில் அமர்பவரே பணியின் தரத்தைத் தீர்மானிக்கிறார் என்பதும் இங்கே சொல்லத் தக்கது. பக்கெட்டைப் பின்னோக்கி இழுத்து மண்ணை மட்டம் செய்யும் கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வராது. தூங்குமூஞ்சி மரத்தடியில் ஈரமண்மீது லோடரை ஓட்டினால் வேர்கள் மூச்சுவிட முடியாதபடி மண் இறுகிவிடும் என்ற அறிவு ஆபரேட்டருக்குத் தானாகவும் வந்துவிடாது. செடியிலும் மண்ணிலும் நாட்டமுள்ள பிள்ளையை இயந்திர முதலாளியாக்கத் துடிக்கும் பெற்றோரும், லீவரில் கைவைக்கும் பொறுமை இல்லாமல் முதலாளியாகத் துடிக்கும் பிள்ளையும் சற்று நிதானிக்கலாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகை வண்டிகளைக் கொண்டே வேலைசெய்து, எந்த மனையில் எந்த வண்டி எத்தனை மணி ஓடியது, தரை ஈரமா காய்ந்ததா, வாசல் எத்தனை அடி என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும். ஈரநிலத்திலும் சரிவிலும் ஓடிய மணிகள் அந்நோட்டில் பாதியைத் தொட்டிருந்தால் டிராக் லோடரைத் தேடத் தொடங்கலாம். இல்லையெனில் சக்கர வண்டிக்கு விலை பேசலாம்.