அரக்கு மாளிகையில் எரிந்தது யார்?

எங்க தாமான்ல மூலை வீடு ஒண்ணு பல வருஷமா பூட்டியே கிடக்கு. சின்ன வயசுல அதுக்குப் பேரு 'பேய் வீடு'. பந்து உள்ளே விழுந்தா அதோட சரி, யாரும் எடுக்கப் போக மாட்டோம். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனப்பதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டுத் தாத்தா உயில் எழுதாமலே இறந்துட்டாராம். மூத்த மகன் வீடு முழுக்கத் தனக்கேன்னு நிக்கிறார். தம்பி, தங்கச்சிங்க கையெழுத்துப் போட மறுத்துட்டாங்க. வாங்க ஆள் வரக்கூடாதுன்னு பேய்க்கதையைக் கிளப்பி விட்டதே அந்த மூத்தவர்தானாம்!

அதனால இந்த மாத வகுப்புக்கு மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் வரும் அரக்கு மாளிகையை எடுத்துக்கொண்டேன்.

தருமர் இளவரசர் ஆனதும் துரியோதனனுக்கு ஒரே பயம். ஆட்சி ஒருமுறை பாண்டுவின் பிள்ளைகளிடம் போனால் அவர்கள் வம்சத்திலேயே தங்கிவிடும், நமக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தந்தையிடம் புலம்புகிறான். பாண்டவர்களும் குந்தியும் வாரணாவதத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே புரோசனன் அவர்களுக்காக ஒரு மாளிகை கட்டுகிறான். பொறியியல் படிக்கிறவன் இல்லையா, என் கண் முதல்ல கட்டுமானப் பொருள் மேலதான் போச்சு. சணல், பிசின், சுவர்ப் பூச்சு மண்ணில் நெய்யும் எண்ணெயும் அரக்கும். அத்தனையும் தீப்பிடிக்கிற சாமான். தருமர் உள்ளே நுழைந்ததுமே வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார். விதுரர் அனுப்பிய ஆள் ரகசியமாகச் சுரங்கம் தோண்டுகிறான். ஒன்றுமே தெரியாத மாதிரி, ஒரு வருஷம் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்தப் பொறுமை எனக்கெல்லாம் வராது.

பள்ளிக்கூடத்தில் கதை இதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கடைசி ராத்திரியில், குந்தி கொடுத்த விருந்துக்கு ஒரு வேடுவப் பெண் தன் ஐந்து மகன்களோடு வந்திருந்தாள். குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனார்கள். தீ வைத்தது பீமன். பாண்டவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பிவிட்டார்கள். சாம்பலில் கிடைத்த ஆறு உடல்களைப் பார்த்து, பாண்டவர்களும் குந்தியும்தான் செத்துவிட்டார்கள் என்று ஊர் அழுதது. நீர்க்கடன்கூட அவர்கள் பெயரில்தான் நடந்தது. அந்த ஆறு பேருக்கு வியாசர் பெயரே சொல்லவில்லை.

பேராசை துரியோதனனுடையது. செத்தது, அந்தச் சொத்தில் ஒரு பிடி மண்ணும் கேட்காதவர்கள். பீமன் பக்கம் தப்பே இல்லையா? வகுப்பில் இதை விடாதீர்கள், நன்றாக விவாதியுங்கள்.

நம்ம நாட்டு நிலவரத்துக்கு வருவோம். 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி, இறந்தவருக்கு உயில் இல்லை, துணையும் பெற்றோரும் இல்லை என்றால் சொத்து பிள்ளைகளுக்குச் சம பங்கு. மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்ற பேதம் அதில் கிடையாது. இதைச் சொன்னதும் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாங்க. "நம்ம உயில் எங்கே?"ன்னு கேட்டாங்க. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிட்டார்.

போன வாரம் போன் பண்ணினப்ப, மூலை வீட்டுக் கூரை ஒரு பக்கம் சரிஞ்சிருச்சுன்னு சொன்னார். பந்து பொறுக்கப் போற பிள்ளைங்களை இப்ப அவர்தான் விரட்டுறாராம்.