கடைக்கு வரும் புதுக் கணக்கப்பிள்ளை

நமது வியாபாரப் பெருமக்களிடையே இப்பொழுது அடிக்கடி அடிபடும் பெயர் செயற்கை நுண்ணறிவு. வாடிக்கையாளரின் விசாரணைக்குப் பதில் எழுதவும், அடுத்த மாதம் எந்தச் சரக்கு எவ்வளவு போகும் என்று மதிப்பிடவும், கடன் கேட்பவர் ஒழுங்காகத் திருப்பித் தருவாரா என்று கணிக்கவும் இதனை உபயோகிக்கிறார்கள். சிலர் இதனை மந்திரம் என்று மலைக்கிறார்கள். சிலர் நமக்கெதற்கு என்று ஒதுக்குகிறார்கள். இரண்டும் வியாபாரிக்கு அழகல்ல. இதனைக் கடைக்கு வரும் ஒரு புதுக் கணக்கப்பிள்ளையாக எண்ணிக்கொண்டு இப்பாடத்தைப் பார்ப்போம்.

அது கற்கும் விதம்

பழைய கணிப்பொறிக்கு நாம் விதியைச் சொல்லிக் கொடுத்தோம். இத்தனை வெள்ளிக்கு வாங்கினால் இத்தனை கழிவு என்று. புதியதற்கோ பேரேடுகளைக் கொடுக்கிறோம். பல வருஷத்துக் கொள்முதலையும் விற்பனையையும் படித்து, விதியை அதுவே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே அதன் அறிவு பேரேட்டின் அறிவே அன்றி வேறில்லை.

ஓர் உதாரணம். நோன்புப் பெருநாளுக்கு முன் ஜவுளி விற்பனை ஏறுவதை அது கண்டுகொள்ளும். ஆனால் பேரேட்டில் ஆங்கிலத் தேதி மட்டும் இருந்தால், பெருநாள் வருஷந்தோறும் சுமார் 11 நாள் முந்தி வருவதை அறியாமல் எளிதில் தவறிவிடும். அதை எடுத்துச் சொல்ல மனிதர் வேண்டும். கணக்கில் பிழையிருந்தால் பிழையும், ஓரவஞ்சனையிருந்தால் ஓரவஞ்சனையும் அதற்குப் பாடமாகிவிடும் என்பதையும் மனத்தில் வைப்போம்.

இவரை வேலைக்கு வைக்குமுன் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. சிறு கடைக்கும் எட்டுதல்

பெரிய ஆலைகள் நிபுணர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். சிறு நிறுவனத்துக்கு அது இயலாது. சிங்கப்பூரில் 2017-இல் ‘ஏஐ சிங்கப்பூர்’ என்னும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ‘100 பரிசோதனைகள்’ என்ற பிரிவில், நிறுவனம் தன் தொழிலில் உள்ள சிக்கலையும் அதற்குரிய கணக்குகளையும் கொண்டுவரும். திட்டத்தின் பொறியாளர்கள் அதற்கேற்ற கருவியைச் செய்து தருவார்கள். செலவை இருதரப்பும் பகிர்ந்துகொள்ளும்.

மளிகைக் கடைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆயத்தமான கருவிகளே போதும். முதலில் வேண்டுவது கணக்கு. நம்மில் எத்தனையோ கடைகளில் பற்றுவரவு ஒரு கொப்பியிலும், மீதி முதலாளியின் ஞாபகத்திலும் இருக்கிறது. கடன் கொடுப்போர் யந்திரத்தால் அளக்கும் காலத்தில், 30 வருஷம் நாணயமாக நடந்த கடையும் எழுத்தில் சான்றில்லாவிட்டால் நேற்று திறந்த கடைபோலவே தோன்றும். நாணயம் நம்மிடம் இருந்தும், அது ஏட்டில் இல்லாத குறையால் நாம் பின்தள்ளப்படலாமா?

2. பொறுப்பு

ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பதில் சொல்லும் யந்திரம் ஒன்று இருந்தது. துக்கத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, சலுகைக் கட்டணத்தைப் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்று அது தவறாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது, யந்திரம் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடியது. கனடாவின் தீர்ப்பாயம் 2024-இல் அவ்வாதத்தைத் தள்ளி, நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. சிப்பந்தி சொன்ன விலைக்கு முதலாளி கட்டுப்பட்டவர் என்பது நமக்குப் பழகிய நியாயம்தானே!

சிங்கப்பூர் 2019-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய மாதிரி நிர்வாகக் கட்டமைப்பு, மனிதர் எவ்வளவு தலையிட வேண்டும் என்பதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. யந்திரம் யோசனை சொல்ல மனிதர் முடிவு செய்வது ஒன்று. யந்திரம் நடத்த மனிதர் மேற்பார்வை செய்து வேண்டும்போது தடுப்பது மற்றொன்று. முழுவதும் யந்திரத்திடம் விடுவது மூன்றாவது. தவறினால் விளையும் தீங்கின் அளவையும், அது நேரும் வாய்ப்பையும் எடைபோட்டு வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்தப் பிஸ்கட்டை முன் அலமாரியில் வைப்பது என்பதை யந்திரத்திடம் விடலாம். ஒருவரை வேலையினின்று நீக்குவதையும், கடன் மறுப்பதையும் விடலாகாது.

வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் நம்மிடம் உள்ள அமானிதம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தகவலைக் காக்கின்றன. கடன் ஏட்டை அப்படியே யாரோ நடத்தும் யந்திரத்தில் கொட்டிவிடுவது தகாது.

3. எவரையும் விடாமை

அமேசான் நிறுவனம் வேலை மனுக்களைத் தரம்பிரிக்க ஒரு கருவி செய்தது. முந்தைய 10 ஆண்டுகளில் வந்த மனுக்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. அவற்றைப் படித்த கருவி, பெண்கள் என்னும் சொல் வந்த மனுக்களைக் கீழே தள்ளியது. அக்கருவி கைவிடப்பட்டது, செய்தி 2018-இல் வெளியாயிற்று. இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டாம். ஊர்க்காரர், உறவினர் என்று பார்த்தே ஆள் சேர்த்த ஏடுகள் நம்மிடமும் உண்டு. அவற்றைப் படிக்கும் யந்திரம் நம் பழக்கத்தையே நியாயம் என்று திருப்பிச் சொல்லும்.

மொழியும் ஒரு வாசல். பெரும் மாதிரிகள் ஆங்கிலத்தையே மிகுதியாகப் படித்தவை. தமிழ் வாக்கியத்தை அவை அதிகத் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில் தமிழருக்குச் செலவு கூடுகிறது. 2023-இல் ஏஐ சிங்கப்பூர் வெளியிட்ட ‘சீ-லயன்’ மாதிரி, மலாய் முதலிய இவ்வட்டார மொழிகளோடு தமிழையும் சேர்த்துக்கொண்டது வரவேற்கத்தக்கது.

கல்லாவில் நிற்கும் பையனையும் நாம் விட்டுவிடக் கூடாது. கருவியை அவனுக்குக் கற்பித்தால் அதன் பிழையை முதலில் கண்டு சொல்பவன் அவனே.

கருவி விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

இது எந்தக் கணக்கைப் படித்துக் கற்றது? நாம் கொடுக்கும் தகவல் எங்கே போய்ச் சேரும்? தவறு நேர்ந்தால் நிறுத்துவது எப்படி? முடிவுக்குக் காரணம் காட்டுமா? தமிழிலும் மலாயிலும் சரியாகப் பதில் சொல்கிறதா?

புதுக் கணக்கப்பிள்ளையை விசாரியாமல் எவரும் கல்லாச் சாவியைக் கொடுப்பதில்லை. இவரையும் விசாரித்தே வைத்துக்கொள்வோம். வைத்த பின்னும் மாலையில் கணக்கைப் பார்க்கும் பழக்கத்தை விடாதிருப்போம்.