உடல் தூய்மைக்கு ஆறு கர்மங்கள்

நீராடித் திருமண் தரித்து எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்களுக்குப் புறத்தூய்மையின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடலின் உட்புறத்தைத் தூய்மை செய்யும் முறைகளையும் ஹடயோக நூல்கள் வகுத்துள்ளன. அவை யாவை, யாருக்கு உரியவை என்பதை ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் ஹடயோகப் பிரதீபிகையில் ஸ்வாத்மாராமர் ஆறு கர்மங்களைக் கூறுகிறார். 4 அங்குல அகலமும் 15 முழ நீளமும் உள்ள ஈரத்துணியை மெல்ல விழுங்கிப் பின் வெளியே வாங்குவது தௌதி. தொப்புளளவு நீரில் அமர்ந்து குடலுள் நீரேற்றிக் கழுவுவது வஸ்தி. ஒரு சாண் நூல் திரியை மூக்கில் செலுத்தி வாய் வழியே எடுப்பது நேதி. கண்ணீர் பெருகும் வரை ஒரு நுண்பொருளை இமையாது நோக்குவது த்ராடகம். வயிற்றை இடமும் வலமும் சுழற்றுவது நௌலி. கொல்லன் துருத்தி போல் மூச்சை விரைந்து இயக்குவது கபாலபாதி.

இவற்றை எல்லாரும் செய்தாக வேண்டுமோ? இல்லை என்பதே அந்நூலின் விடை. கொழுப்பும் கபமும் மிகுந்தோர் பிராணாயாமத்திற்கு முன் செய்யத்தக்கவை இவை. வாத பித்த கபங்கள் சமமாக உள்ளோர்க்கு வேண்டா. பிராணாயாமம் ஒன்றே மலங்களை நீக்கப் போதும் என்னும் ஆசாரியர்களின் கருத்தையும் அது எடுத்துக்காட்டுகிறது. ஆகவே இவை மருந்து போன்றவை. நோயில்லாதவன் மருந்துண்பது அறிவுடைமையாகாது.

தௌதியைக் குரு உபதேசித்த வழியிலேயே செய்க என்றும் அந்நூல் விதிக்கிறது. நாதமுனிகள் தம் யோகத்தைக் குருகைக்காவலப்பனிடம் ஒப்புவித்தார் என்றும், குறித்த நாள் தவறியமையால் ஆளவந்தார்க்கும் அது கிட்டாது போயிற்று என்றும் குருபரம்பரை கூறும். ஆளவந்தாரும் ஆசாரியன் திருவாயால் பெற வேண்டியிருந்ததை நாம் ஏட்டைப் பார்த்தோ, படக்காட்சியைப் பார்த்தோ பயிலலாமோ? நாதமுனிகள் வழிவந்தவராகத் தம்மைக் கூறிக்கொண்ட திருமலை கிருஷ்ணமாசார்யர் (1888–1989) சென்னையில் வாழ்ந்த காலத்தில், அவரவர் உடல்நிலைக்கும் வயதுக்கும் ஏற்பத் தனித்தனியே யோகம் கற்பித்தார்.

இந்நாளில் பலரும் கைக்கொள்வது ஜலநேதி. மூக்கின் ஒரு துளையில் உப்பு நீரை வார்த்து மறு துளை வழியே விடும் முறை இது. ஊரப்பாக்கம் முதல் கடல்மல்லை வரை ஏரியும் குளமும் மலிந்த நாடு நம்முடையது. அந்நீர் நீராடுதற்கு உரியதாயினும் நேதிக்கு ஆகாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்தால் உயிருக்கே தீங்காகும். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வீட்டுக் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். ஆதலின் நன்கு கொதித்து ஆறிய நீரையே கொள்க. லிட்டருக்கு 9 கிராம் உப்புச் சேர்க்க. கலத்தையும் தூயதாக வைத்திருக்க. கருவுற்ற தாய்மாரும், இதயநோய், இரத்த அழுத்தம், குடலிறக்கம் உடையோரும் கபாலபாதி, நௌலி ஆகியவற்றை நீக்குக.

உடல் எம்பெருமான் உறையும் ஆலயம். ஆலயத்தைத் துலக்குவோர் அதன் சுவரைச் சிதைப்பதில்லை. அளவறிந்து, ஆசாரியன் வழி நின்று, தூய்மை பேணுவோமாக.