பொய் எச்சரிக்கை

கணினியில் இணையப் பக்கங்களைப் படிக்கையில், சிலவேளைகளில் திரை முழுவதையும் மறைத்து ஓர் எச்சரிக்கை தோன்றும். "வைரஸ் புகுந்துவிட்டது, கணினியை அணைக்காதீர்கள், உடனே இவ்வெண்ணை அழையுங்கள்" என்று அஃது அச்சுறுத்தும். அது கணினி தரும் செய்தியன்று. வஞ்சகர் புனைந்த இணையப் பக்கமே. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மெய்யான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இராது.

அழைப்போரிடம் வஞ்சகர் இன்சொற் பேசி, தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் செயலியை நிறுவச் செய்வர். இல்லாத பழுதை நீக்கக் கூலி கேட்பர். வங்கிக் கணக்கையும் சூறையாடுவர்.

ஆதலின், அவ்வெச்சரிக்கையைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பின்னர்ப் பக்கத்தை மூடலாம். இயலாதெனில் கணினியையே அணைத்துவிடலாம். ஏமாந்து பொருளிழந்தோர் இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கிக்கு அறிவித்து, இந்தியாவில் 1930 என்னும் எண்ணில் தாமதமின்றி முறையிடுதல் வேண்டும். அச்சமே வஞ்சகரின் முதல்; நிதானமுடையார் அதற்கு இரையாகார்.