குறிப்புத்தாள் இன்றிக் குளிர்காலக் கையுறை பின்னுதல்

நீலகிரியின் குளிரைச் சமவெளியில் வாழும் நம் நெசவாள அங்கத்தினர்கள் கேள்வியால் மட்டுமே அறிவர். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கார்த்திகைக் கடைசி முதல் மாசி வரையில் அங்கே தாழ்வான புல்வெளிகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் உறைபனி விழுவதுண்டு. அக்காலத்தில் காலை வேளையில் தேயிலைச் செடியில் கை வைத்தால், இலையிலுள்ள பனிநீர் விரலை மட்டுமன்று, சட்டைக் கையையும் முழங்கை வரை நனைத்துவிடும். நனைந்த பருத்தித் துணியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நண்பகல் வரை இலை கொய்யும் பெண்மக்களின் கை எவ்வாறு மரத்துப் போகும் என்பதை அங்குள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலை கொடுக்கும் சிறு விவசாயக் குடும்பத்தார் நன்கு அறிவர்.

இதற்கு விரல்களை மூடும் கையுறை உதவாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உரிய வேலை. அவ்விரல்கள் உணர்வோடு இருத்தல் வேண்டும். விரல் கணுவில் தொடங்கி மணிக்கட்டை மூடி முழங்கைக்கு அருகில் முடியும் விரல் மூடாக் கையுறையே அவர்களுக்கு ஏற்றது. மணிக்கட்டில் இரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அண்மையில் ஓடுகின்றன. அவ்விடத்தை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் மூடாத விரல்களும் ஓரளவு சூடு பெறும். இவ்வுறையைக் குரோஷா ஊசி ஒன்றும் கம்பளி நூலும் கொண்டு வீட்டிலேயே பின்னலாம். அதற்குக் குறிப்புத்தாள் எதுவும் வேண்டியதில்லை என்பதே இப்பாடத்தில் நாம் சொல்லவிருப்பது.

குறிப்புத்தாள் வேண்டாம் என்பது சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதன்று. மகளிர் சங்கம் ஒன்றின் கணக்கைப் பார்வையிடச் சென்றபோது, அலமாரியில் நாற்பது சோடிக் கையுறைகள் விலைபோகாமல் கிடக்கக் கண்டோம். பின்னலில் குறையேதும் இல்லை. அச்சிட்ட ஆங்கிலக் குறிப்பு ஒன்றை யாரோ மொழிபெயர்த்துத் தர, அங்கத்தினர்கள் எண்ணிக்கை தவறாமல் அதன்படியே பின்னியிருந்தார்கள். ஆனால் குறிப்பு எழுதப்பட்ட நூலின் கனம் வேறு, சங்கம் வாங்கிய நூலின் கனம் வேறு. மேலும், இங்கிலாந்து நாட்டுப் புத்தகங்களில் ‘டபிள் குரோஷே’ எனப்படும் கண்ணியும் அமெரிக்கப் புத்தகங்களில் ‘சிங்கிள் குரோஷே’ எனப்படும் கண்ணியும் ஒன்றே. நம் பாட்டிமார் பள்ளியில் கற்றது பெரும்பாலும் இங்கிலாந்துப் பெயர். இன்று கைக்கு வரும் குறிப்புகளோ பெரும்பாலும் அமெரிக்கப் பெயர் தாங்கியவை. ஒரு சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டால் உறையின் அளவே மாறிவிடும். அந்நாற்பது சோடிகளுக்கும் நேர்ந்தது அதுவே.

ஆகவே ஆங்கிலப் பெயர்களை ஒதுக்கிவிட்டு நமக்கென இரண்டு பெயர்களை வைத்துக்கொள்வோம். ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைக் கோத்து அவ்விரண்டின் ஊடாகவும் இழுத்தால் வருவது குறுங்கண்ணி. நுழைக்கும் முன்னரே நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் மூன்று வளையங்கள் நிற்கும். மூன்றின் ஊடாகவும் ஒரே இழுப்பாக இழுத்தால் வருவது நெடுங்கண்ணி. இது குறுங்கண்ணியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயரம் உடையது. குறிலும் நெடிலும் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பம் இராது. இவற்றோடு சங்கிலி போடத் தெரிந்தால் போதும்.

இனி நூல். உண்மைக் கம்பளிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் அது தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. சூட்டையும் எளிதில் இழக்காது. பனியில் வேலை செய்வோர்க்கு இதனினும் ஏற்றது இல்லை. நீலகிரிக்கெனவே மென்மயிர்ச் செம்மறி இனம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டு ஆடுகளோடு மெரினோ முதலிய அயல் இனங்கள் கலந்ததால் உருவானது அது. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவிலுள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வினத்தைக் காத்து வருகின்றனர். ஆயினும் கடைவீதியில் நாம் காண்பது பெரும்பாலும் வடக்கே லூதியானா முதலிய ஊர்களிலிருந்து வரும் நூலே. அதிலும் அக்ரிலிக் என்னும் செயற்கை நூலே மிகுதி. அது மலிவு, விரைவில் உலரும், பூச்சி அரிக்காது. அதைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் நெருப்பருகே அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளியோ கருகுமே தவிர உருகாது. காலையில் அடுப்படியில் நின்றுவிட்டு அதே உறையோடு தோட்டத்துக்குப் புறப்படும் பெண்களுக்காகப் பின்னுவோர் இதனைக் கட்டாயம் கருத வேண்டும். வாங்கும்போது சந்தேகம் இருந்தால், நூலின் சிறு துணுக்கை இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்க்கலாம்: மயிர் கருகும் நாற்றமும் நொறுங்கும் சாம்பலும் கம்பளிக்கு அடையாளம், கெட்டியான கறுப்பு மணியாகத் திரண்டால் அது செயற்கை நூல்.

மேசை விரிப்புக்கு லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசி இதற்கு ஆகாது. எழுதும் பென்சிலைவிடச் சற்று மெல்லிய, அதாவது நாலரை முதல் ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினிய ஊசியோ மூங்கில் ஊசியோ வேண்டும். முற்றிய மூங்கிலைச் சீவி, நுனியில் கொக்கி வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசினால் நல்ல ஊசி கிடைக்கும். தறி நாடாவைக் கையால் இழைத்துப் பார்த்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று.

குறிப்புத்தாள் இல்லாமல் அளவு எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கலாம். கையே அளவு. பின்னலைக் கையின் சுற்றுவாக்கில் தொடங்காமல் நீளவாக்கில் தொடங்குவதே இதன் உபாயம். விரல் கணுவிலிருந்து முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே வரையில், அல்லது எவ்வளவு மூட வேண்டுமோ அவ்வளவுக்கு, ஒரு சங்கிலி போட்டுக் கையின் மேல் வைத்துப் பாருங்கள். அதுவே உறையின் நீளம். சங்கிலியைத் தளர்வாகப் போடுதல் வேண்டும். இறுகப் போட்ட சங்கிலி ஓரத்தைச் சுருக்கிவிடும். பிறகு அதன் மேல் வரிசை வரிசையாக முன்னும் பின்னும் பின்னிச் செல்க. துணி அகன்றுகொண்டே வரும். அது கையைச் சுற்றி வந்து, இலேசாக இழுத்தால் இரு ஓரங்களும் சந்திக்கும் நிலை வந்ததும் நிறுத்துக. ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் உறை. கண்ணியைக் கூட்டுவதும் குறைப்பதும் இம்முறையில் இல்லை.

ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கோத்தால் துணி விறைப்பாக இருக்கும். நமக்கு அப்பால் உள்ள பின்னிழையில் மட்டும் கோத்துப் பின்னினால், இரண்டு வரிசைக்கு ஒன்றாக வயல் வரப்புப்போல் மேடு எழும். அவ்வரப்புகள் சுருங்கி விரியும் தன்மையைத் தருகின்றன. அத்தன்மை இருப்பதால்தான் ஒரே துணி மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை நுழையவும் இடம் தருகிறது. சுற்றளவு கையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கட்டும் என்பதும் இதனாலேயே. சரியாகக் கையளவுக்கே பின்னினால் இரண்டு நாளில் நெகிழ்ந்து தொங்கும்.

முன்கை மணிக்கட்டைவிடப் பருத்ததாயிற்றே என்பர் சிலர். அங்கேதான் நெடுங்கண்ணி உதவுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் விரற்பக்கம் மூன்றில் இரண்டு பங்கைக் குறுங்கண்ணியாலும், முழங்கைப் பக்கம் மூன்றில் ஒரு பங்கை நெடுங்கண்ணியாலும் பின்னுக. வரிசை ஒன்றே ஆயினும் முழங்கைப் பக்கம் அதன் அகலம் கூடுதலாகும். துணி தானே விசிறிபோல் விரியும். அவ்விடம் சற்றுத் தளர்வாகவே நிற்கும். சட்டைக் கையை உள்ளே விட்டுக்கொள்ள அது வேண்டியதுதான். திரும்பும்போது விரற்பக்கம் ஒரு சங்கிலியும், முழங்கைப் பக்கம் இரண்டு சங்கிலியும் போடுக. அவற்றைக் கண்ணியாக எண்ணலாகாது.

புதிதாகப் பழகுவோர்க்கு ஏற்படும் குறை ஒன்றே. வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் மறைந்து நிற்கும். அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாலு வரிசையில் நாலு கண்ணி போய்த் துணி கோணிவிடும். முதல் ஆறு வரிசைகள் வரையில் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பிறகு கண்ணே காட்டிக்கொடுக்கும். பாவு இழை அறுந்ததை அச்சருகே ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும் நெசவாளருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தைப்பதற்கு முன் உறையைக் கையில் சுற்றிக்கொண்டு பெருவிரல் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். முழங்கைப் பக்கமிருந்து அவ்விடம் வரை தைத்து, ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு, மேலே விரல் கணு வரை எஞ்சிய நாலு செ.மீ. தைத்தால் போதும். அந்த இடைவெளியே பெருவிரல் வாயில். அதைச் சுற்றி ஒரு சுற்றுக் குறுங்கண்ணி பின்னினால் ஓரம் நெகிழாது. இலை கொய்வோர்க்கு அதற்குமேல் வேண்டாம். வீட்டில் இருக்கும் முதியோர்க்காயின் நாலைந்து சுற்றுப் பின்னிப் பெருவிரலுக்குக் குட்டைக் குழாய் அமைத்துக் கொடுக்கலாம். இவ்வுறையில் இடம் வலம் என்ற வேறுபாடு இல்லை. ஒன்று நைந்தால் ஒன்றை மட்டும் பின்னிக்கொள்ளலாம். நூலை இணைக்குமிடத்து முடிச்சு உள்ளங்கையில் வாராதபடி பார்த்துக்கொள்வது நலம். கூடைப் பிடி அழுத்தும்போது அது தோலை உரசிப் புண்ணாக்கும்.

தாளில் வரையாமல் எண்ணிக்கையால் மட்டும் வேலை செய்வது அம்மலைக்குப் புதிதன்று. தோடர் பெண்கள் தம் வெண்ணிறப் போர்வையில் செந்நூலும் கருநூலும் கொண்டு செய்யும் பூத்தையலுக்கு வரைபடம் கிடையாது. துணியின் பாவையும் ஊடையையும் விரலால் எண்ணியே தைக்கின்றனர். அக்கலை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

வீட்டுக்குப் பின்னுவது இவ்வளவே. சங்கத்தின் பெயரால் விற்பதாயின் மற்றொன்று வேண்டும். குறிப்பைப் பார்த்துப் பின்ன வேண்டாம் என்றோமே தவிர, பின்னியதைக் குறித்து வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதற்சோடி சரியாக அமைந்தவுடன் அதன் கண்ணியையும் வரப்பையும் எண்ணி எழுதிவிடுக. எடுத்துக்காட்டாக, நடுத்தரக் கனமுள்ள நூலில் 26 செ.மீ. நீளமும் உள்ளங்கைச் சுற்று 18 செ.மீ. உள்ள கைக்கு 16 செ.மீ. அகலமும் வேண்டும் என்க. பத்து செ.மீ. நீளத்தில் 14 கண்ணியும், பத்து செ.மீ. அகலத்தில் 16 வரிசையும் விழுமாயின், 36 கண்ணி, 26 வரிசை, அதாவது 13 வரப்பு. திரும்புவதற்கு ஒன்று சேர்த்து 37 சங்கிலியில் தொடங்க வேண்டும். 24 குறுங்கண்ணி, 12 நெடுங்கண்ணி. இதுவே அச்சங்கத்தின் சொந்தக் குறிப்பு. நூல் மாறினாலும் பின்னுபவர் மாறினாலும் எண்ணிக்கையும் மாறும். ஒருவர் இறுக்கிப் பின்னுவார், ஒருவர் தளர்த்திப் பின்னுவார். ஊசியை ஓர் அளவு மாற்றிக் கொடுத்தால் இருவரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். வரிசையை எண்ணாமல் வரப்பை எண்ணச் சொன்னால் வேலை பாதியாகும்.

எழுத வேண்டியது கண்ணிக் கணக்கு மட்டுமன்று. நூலைக் கொடுக்கும்போதும், முடிந்த உறையையும் மிச்ச நூலையும் திரும்பப் பெறும்போதும் தராசில் நிறுத்து இருப்புப் புத்தகத்தில் பதிய வேண்டும். நீண்ட உறை ஒரு சோடிக்கு எண்பது முதல் நூறு கிராம் வரை நூல் பிடிக்கும். இதைச் சங்கங்கள் பொதுவாகச் செய்துவிடுகின்றன. செய்யாதது ஒன்று: பின்னியவர் செலவிட்ட நேரத்தை எழுதுவதில்லை. பழகிய கைக்கும் ஒரு சோடிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். ‘ஓய்வு நேரத்தில் பின்னியதுதானே’ என்று நூல் விலையின் மேல் ஏதோ ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆந்திரத்தில் நரசாபுரம் வட்டாரத்துப் பெண்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குரோஷே லேஸ் பின்னி வருகின்றனர். மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு 1982இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி வரை உழைத்த அவர்களை இல்லத்தரசிகள் என்றும், அவ்வுழைப்பைப் பொழுதுபோக்கு என்றும் கூறியே கூலி மிகக் குறைவாக வைக்கப்பட்டதென அவ்வாய்வு காட்டியது. லேஸ் கடல் கடந்து விற்றது. இலாபம் வணிகர் கையில் நின்றது.

தறியில் இறங்காத இப்பின்னலை அப்படியே செய்துதரும் இயந்திரம் இன்றளவும் சந்தைக்கு வரவில்லை. கடையில் தொங்கும் ஒவ்வொரு குரோஷே உருப்படியும் யாரோ ஒருவர் கையால் பின்னியதே. ஆகவே விலை வைக்கும்போது நூல், நேரம், தையல், கழுவல், சங்கத்தின் செலவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி, நேரத்திற்கு அவ்வூரில் இலை கொய்யும் கூலிக்குக் குறையாத வீதம் போட்டுப் பார்க்க வேண்டும். அவ்விலைக்கு வாங்குவோர் இல்லையெனில் உறையின் நீளத்தைக் குறைத்து மணிக்கட்டளவில் நிறுத்தலாம். நூலும் நேரமும் பாதிக்குப் பாதி குறையும். கூலியைக் குறைப்பதற்கு நாம் ஒப்பமிட மாட்டோம்.

விற்பனைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு சோடியையும் ஒருமுறை கழுவ வேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய ஆறிய நீரே போதும். கம்பளியை வெந்நீரில் இட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாயின் மேல் பரப்பி உலர்த்துக. கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் நீளம் கூடி, எழுதி வைத்த அளவு பொய்யாகும். உலர்ந்த பின் மறுபடி அளந்து, அந்த அளவையே சீட்டில் எழுதிக் கட்டுக.