நிறுத்தணும்னா 'ஸ்டார்ட்'டை அமுக்கு!

கம்ப்யூட்டர் என்பது தர்க்கப்படி நடக்கும் இயந்திரம் என்றுதான் முதலாண்டில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அதன் திரையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லையே, நண்பர்களே! 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95-ல் மெஷினை அணைக்க வேண்டுமானால் 'ஸ்டார்ட்' பொத்தானை அமுக்க வேண்டும். 1984-ல் வந்த மெக்கின்டாஷில் இன்னும் வேடிக்கை. ஃபிளாப்பியை வெளியே எடுக்க, அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடலாம்! உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் போயிடுமோ என்று யாருக்குத்தான் கை நடுங்காது? (போகாது, ஃபிளாப்பிதான் வெளியே வரும்.) பின்னாளில் மேக் ஓஎஸ் எக்ஸில், டிஸ்க்கை இழுக்கத் தொடங்கியதும் அந்தத் தொட்டி 'வெளியேற்று' அடையாளமாக மாறும்படி செய்தார்கள்.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தையல் மெஷின் அவருக்கு அத்துப்படி. மிதிக்கிற இடம், சுற்றுகிற சக்கரம், நூல் போகிற வழி எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988-ல் எழுதிய புத்தகத்தில் சொல்வதும் இதைத்தான். என்ன செய்யலாம் என்பதைப் பொருளே காட்ட வேண்டும். ஆள் தடுமாறினால் பெரும்பாலும் குறை வடிவமைப்பில்தான்.

இன்னொரு சங்கதி. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் ஒரு விதி கண்டார். ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. திரையின் மூலையில் அம்புக்குறி தானாகவே நின்றுவிடும், எவ்வளவு வேகமாக மௌஸைத் தள்ளினாலும் தாண்டாது. ஆகவே மூலைதான் சுலபமான இலக்கு. விண்டோஸ் 95-ல் ஸ்டார்ட் பொத்தானுக்கும் மூலைக்கும் நடுவே இம்மி இடைவெளி விட்டு, இந்த லாபத்தைக் கோட்டைவிட்டார்கள்! 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் மூலைகளைப் பயன்படுத்தினார்கள், ஆனால் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். வலது மூலைக்குப் போனால் ஒரு பட்டை வரும், அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். மூலையில் ஏதோ இருக்கிறது என்று யார் சொல்வது? கைக்குக் கணக்குப் போட்டவர்கள் கண்ணை மறந்துவிட்டார்கள். 2013-ல் 8.1-ல் பொத்தான் திரும்பி வந்தது, 2015-ல் விண்டோஸ் 10-ல் பழைய மாதிரி மெனுவும் வந்தது.

இதெல்லாம் வேடிக்கை மட்டுமா? என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் உதவித்தொகைப் படிவத்தைக் கடைசி நாளன்று நிரப்பிக்கொண்டிருந்தான். 'டூ யூ வான்ட் டு கேன்சல்?' என்று திரை கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'ஓகே', 'கேன்சல்'. எல்லாம் சரி என்ற அர்த்தத்தில் 'ஓகே' கொடுத்தான். ஒரு மணி நேரம் அடித்தது அத்தனையும் போச்சு. கூலியை விட்டுவிட்டுக் கூட வந்திருந்த அவன் அப்பா, "நம்ம பையனுக்குக் கம்ப்யூட்டர் வரல போலருக்கு" என்றார். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தப் பேச்சு எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். மறுபடி வரிசையில் நின்று, இரவுதான் முடித்தான்.

இந்த வருஷம் எங்கள் புராஜெக்ட் ஹாஸ்டல் மெஸ் கணக்கு. அதில் 'ஓகே' என்ற பொத்தானே கிடையாது. 'கணக்கை அழி', 'அழிக்க வேண்டாம்' என்றே எழுதியிருக்கிறோம். அடுத்த வாரம் மெஸ் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்து, எங்கே தயங்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறோம்.